ஒரே இசைக்கவை, மூன்று பாடத்திட்டம்

“எந்த போர்டுல ஃபிசிக்ஸ் நல்லா இருக்கும் சார்?” பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் ஊட்டியில் என்னிடம் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இது. என் டியூஷனில் ஸ்டேட் போர்டு, சிபிஎஸ்இ, கேம்பிரிட்ஜ் ஏ லெவல் பிள்ளைகள் ஒரே பெஞ்சில்தான் உட்காருகிறார்கள். அதனால் மூன்றுக்கும் பொதுவான ஒரு சோதனையை வைத்தே சொல்கிறேன்: ஒத்ததிர்வு காற்றுத்தம்பம். இசைக்கவையை (டியூனிங் ஃபோர்க்) தட்டிக் குழாய் வாயில் பிடித்து, குழாய்க்குள் இருக்கும் காற்றின் நீளத்தை மாற்றிக்கொண்டே போய், ஒலி ‘கும்’மென்று எழும் இரண்டு நீளங்களை அளக்க வேண்டும்.

கவை 512 ஹெர்ட்ஸ். அறை 12 டிகிரி. இரண்டு நீளங்களுக்கும் வித்தியாசம் 33.0 செ.மீ. அதை அதிர்வெண்ணின் இரு மடங்கால் பெருக்கினால் ஒலியின் வேகம் நொடிக்கு 338 மீட்டர். இதே குழாயை மேட்டுப்பாளையத்துக்கு இறக்கி 30 டிகிரியில் செய்தால் 34.1 செ.மீ., அதாவது 349 மீட்டர். நான் படித்தபோது என் ரெக்கார்டில் 338ஐ அடித்து, “345க்கு மேல் வரணும்” என்று சிவப்பு மையில் எழுதிவிட்டார்கள். சரி என்று கீழ்நாட்டு விடையையே போட்டுக் கொடுத்தேன். முழு மார்க்!

பாடப் புத்தகம் என்று பார்த்தால் ஸ்டேட் போர்டுதான் கெட்டி. ஒலியின் வேகத்துக்கான நியூட்டன் சூத்திரம் 0 டிகிரியில் 280 மீட்டரில் தடுக்கி விழுவது, லாப்லாஸ் திருத்தம் அதை 331க்குக் கொண்டுவருவது, அழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம் ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்பது வரை விரிவாக இருக்கிறது, அதுவும் தமிழிலேயே. குறை பரீட்சையில். பிளஸ் டூவில் தியரி 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. புக் பேக் கேள்விகளை உருப்போட்டே பெரும்பகுதியை எடுத்துவிடலாம். செய்முறையில் சூத்திரம், அட்டவணை, விடை. அளவில் எவ்வளவு பிழை என்று என் பிள்ளைகளை யாரும் கேட்டதில்லை.

சிபிஎஸ்இ இதே பாடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுக் கணக்குக்குப் போய்விடும். நீட் தேர்வில் மூன்று மணி நேரத்தில் 180 கேள்வி, அதில் 45 ஃபிசிக்ஸ். அந்த ஓட்டத்துக்குப் பழக இது வசதி.

ஏ லெவலில் லாப்லாஸ் கிடையாது. என்னிடம் படிக்கும் ஏ லெவல் மாணவி சூத்திரத்தின் வேர் தெரியாமலே வருகிறாள். ஆனால் செய்முறைத் தாள் தனி: இரண்டு மணி நேரம், 40 மார்க். ‘கும்’ ஒலி எந்த மில்லிமீட்டரில் உச்சம் என்று உன் காது எவ்வளவு உறுதியாகச் சொல்லும் என்று யோசிக்க வைக்கிறார்கள். ஒவ்வொரு அளவிலும் 1 மி.மீ. தவறினால் வித்தியாசத்தில் 2 மி.மீ., வேகத்தில் ஏறக்குறைய 2 மீட்டர். ஆக விடை 338, கூடக் குறைய 2. சமவெளியின் 349 இதற்குள் வரவே வராது. அன்று என் ரெக்கார்டில் இந்த ஒரு வரி இருந்திருந்தால் சிவப்பு மைக்கு வேலை இருந்திருக்காது.

அப்புறம், டாக்டர் சீட்டுக்காக பிளஸ் ஒன்னில் போர்டு மாற்றாதீர்கள். ஸ்டேட் போர்டிலேயே இருந்து, சிபிஎஸ்இ பிள்ளைகள் படிக்கும் என்சிஇஆர்டி புத்தகக் கணக்குகளைப் போட்டால் போதும். நீட்டைத் தமிழிலும் எழுதலாம். வெளிநாட்டில் படிக்கப் போகிற எண்ணமும் பணமும் இருந்தால் மட்டும் ஏ லெவல். பிழைக் கணக்கை மட்டும் நான் மூன்று பேருக்கும் கட்டாயமாக்கிவிட்டேன்.

ஜனவரியில் உறைபனி கொட்டிய ஒரு காலை, அறையில் 8 டிகிரி. 32.8 செ.மீ., 336 மீட்டர், கூடக் குறைய 2 என்று ஸ்டேட் போர்டு பையன் எழுதினான். “ஊட்டி உயரத்துல இருக்கு, காத்தழுத்தம் கம்மி, அதனாலதானே வேகம் குறைஞ்சிருக்கு?” என்று கேட்டாள் ஏ லெவல் மாணவி. அவன் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினான்: “அழுத்தம் குறைஞ்சா அடர்த்தியும் அதே அளவு குறையும்க்கா, அதனால வேகம் மாறாது. குளிருதான் காரணம்.”