மெஷினில் முத்திரை இருக்கிறது என்று நம்பி 2,340 டாலரை விட்டோம்

கசினோவில் நாங்கள் கொடுத்த புகாருக்குப் பதிலாக நேற்று மாலை தபாலில் அந்தக் கடிதம் வந்தது. அரைப் பக்கம்கூட இல்லை. இயந்திரத்தில் கோளாறு ஏற்பட்டால் எல்லா ஆட்டமும் எல்லாப் பரிசும் செல்லாது என்று ஒரு வரி. நாங்கள் பந்தயம் கட்டிய 1 டாலர் 50 சென்ட்டுக்கு ஒரு காசோலை. கீழே படிக்க முடியாத ஒரு கையெழுத்து. திரையில் 2,340 டாலர் என்று நின்றதை நான் பார்த்தேன், மாமா பார்த்தார், பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாள் எட்டிப் பார்த்து வாழ்த்துச் சொன்னார். அந்த 2,340 டாலருக்குப் பதிலாக ஒன்றரை டாலர். இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரை வார இறுதியில் இப்படிப்பட்ட இடங்களுக்கு அழைத்துப்போகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்காக எழுதுகிறேன்.

எந்தக் கசினோ என்று சொல்லப்போவதில்லை. வடக்கு கலிபோர்னியாவில், பழங்குடி நிலத்தில், ஹோட்டலும் பஃபேயும் சேர்ந்த நடுத்தரமான ஒரு இடம். அவ்வளவு போதும்.

மாமா மதுரையில் தொழிலாளர் துறையில் முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைத் தராசு, எடைக்கல், பெட்ரோல் பம்பு எல்லாவற்றையும் சோதித்து முத்திரை போடுகிற வேலை. காய்கறிச் சந்தையில் அவர் தலை தெரிந்தால் தராசுகள் நேராகும் என்று அத்தை சொல்வார். ஆறு மாத விசாவில் வந்தவருக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்துப்போனது எங்கள் பெட்ரோல் பங்கில் ஒட்டியிருந்த ஒரு ஸ்டிக்கர். கலிபோர்னியாவில் ஒவ்வொரு கவுண்டிக்கும் எடை அளவு முத்திரை அதிகாரி உண்டு. அவருடைய ஸ்டிக்கர் பம்பில் இருக்கும், எந்த வருடம் சோதித்தது, புகாருக்கு எந்த எண் என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். கசினோவுக்குப் போகிற வழியில் பெட்ரோல் போட நிறுத்தியபோதும் இறங்கி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "நம்ம வேலைதான் மாப்ள, இங்கயும் நம்ம வேலைதான்" என்றார்.

அதே கண்ணோடுதான் கசினோவுக்குள்ளும் வந்தார். ஸ்லாட் மெஷினின் பக்கவாட்டில் ஒரு சிறிய ஸ்டிக்கர், பதிவு எண்ணோடு. "முத்திரை இருக்குடா. சும்மா ஒட்ட மாட்டான்" என்று சொல்லி உட்கார்ந்தார். நானும் சரி என்றேன். அந்த ஸ்டிக்கரில் யார் பெயர் இருந்தது என்று நாங்கள் இருவருமே படிக்கவில்லை.

100 டாலர் போட்டிருந்தோம், 60 டாலர் சொச்சத்துக்கு இறங்கியிருந்தது. அப்போது போனஸ் சுற்று திறந்தது. இலவசச் சுழற்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. கடைசியில் மணி அடித்து, மெஷின் பூட்டிக்கொண்டு, 2,340 டாலர், ஊழியரை அழைக்கவும் என்று திரையில் நின்றது. பெரிய தொகை விழுந்தால் அப்படித்தான் பூட்டிக்கொள்ளும், ஆள் வந்து வரிப் படிவம் எழுதிக் கையில் பணம் தருவார். அதனால் நாங்கள் பயப்படவில்லை. மாமா கை நடுங்க என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வந்த ஊழியர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். வயது ஐம்பது இருக்கும், சிரித்த முகம். பொத்தானை அழுத்தியது யார் என்று கேட்டார். மாமா என்றோம். அடையாள அட்டை கேட்டார். பாஸ்போர்ட் வீட்டில் இருந்தது, என் செல்போனில் அதன் படம்தான் இருந்தது. அது செல்லாது, அசல் வேண்டும் என்றார். நான் திரையைப் படம் எடுக்கப் போனை உயர்த்தினேன். இங்கே படம் எடுக்கக்கூடாது, மேலே கேமராக்கள் எல்லாவற்றையும் பதிவு செய்கின்றன, உங்கள் தொகை சிஸ்டத்தில் இருக்கிறது, எங்கும் போகாது என்றார். போனைப் பைக்குள் வைத்தேன். டெக்னீஷியன் வந்து வழக்கமான சோதனை ஒன்று செய்ய வேண்டும், இருபது நிமிடம் ஆகும், அதுவரை சாப்பிடுங்கள் என்று இரண்டு பஃபே கூப்பன் கிழித்துக் கொடுத்தார். இதெல்லாம் அரசாங்கம் சோதிக்கிற மெஷின்கள்தானே என்று மாமா கேட்கச் சொன்னார். நான் ஆங்கிலத்தில் கேட்டேன். ஆமாம், எல்லாம் சோதித்து முத்திரை வைத்தவை என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் நாங்கள் எழுந்தோம். நாற்காலியை விட்டு எழுந்தோம். முப்பது வருடம் அடுத்தவர் தராசைச் சோதித்த மனிதர், முத்திரை என்ற சொல்லைக் கேட்டதும் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றார். நினைக்க நினைக்க வயிறு எரிகிறது.

திரும்பி வந்தபோது அந்த மெஷினில் வேறு ஒருவர் ஆடிக்கொண்டிருந்தார்.

கவுன்டரில் ஷிஃப்ட் மேனேஜர் 61 டாலர் 50 சென்ட்டுக்கு ஒரு டிக்கெட்டை நீட்டினார். இதுதான் உங்கள் இருப்பு, போனஸ் சுற்றில் மெஷின் கோளாறாகிவிட்டது என்றார். 2,340 டாலர் எங்கே என்றேன். சிஸ்டத்தில் அப்படி எதுவும் இல்லை என்றார். சிரித்த முகத்து ஊழியரைக் கூப்பிடுங்கள் என்றேன், அவருக்கு ஷிஃப்ட் முடிந்துவிட்டது. ஒரு மஞ்சள் படிவம் கொடுத்தார்கள், எழுதிக் கொடுத்தோம். மாமா ஒன்றும் பேசவில்லை. வண்டியில் ஏறிய பிறகு, "லாக் புக் கேட்டியா" என்று மட்டும் கேட்டார். எனக்கு அப்போது அது என்னவென்றே புரியவில்லை.

பிறகு ஆரம்பித்தது அலைச்சல். மூன்றாம் நாள் போன் செய்தேன், விசாரணையில் இருக்கிறது. ஏழாம் நாள், அந்த அதிகாரி விடுப்பில். பத்தாம் நாள் வேலைக்கு லீவு போட்டு, மாமாவின் அசல் பாஸ்போர்ட்டோடு இரண்டரை மணி நேரம் ஓட்டிப் போனேன். பழங்குடியின் சூதாட்ட ஒழுங்குமுறை அலுவலகம் கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் தனிக் கட்டடம். கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். மெஷினின் கடைசி ஆட்டங்களின் பதிவைக் காட்டுங்கள் என்றேன். பழுது பார்க்கும்போது நினைவகத்தை அழித்துவிட்டார்கள் என்றார். கேமராப் பதிவு என்றேன். அந்த வரிசையின் பதிவு அழிந்துவிட்டது, யாராவது கேட்டால்தான் எடுத்து வைப்போம் என்றார். நான் முதல் நாளே எழுதிக் கொடுத்தேனே என்றேன். படிவத்தில் கேமராப் பதிவு வேண்டும் என்று தனியாகக் கேட்கவில்லையாம்.

மாநில அரசின் அலுவலகம் ஒன்றுக்குப் போன் செய்தேன். விளையாடியவரின் புகாரைப் பழங்குடி அமைப்பிடம்தான் கொடுக்க வேண்டும், அங்கே கொடுத்தீர்களா என்று கேட்டார்கள். கொடுத்தேன் என்றேன். அப்படியென்றால் அவர்கள் பதிலுக்குக் காத்திருங்கள் என்றார்கள். காத்திருந்ததற்குத்தான் நேற்று ஒன்றரை டாலர் வந்தது.

இந்த மூன்று வாரத்தில் ராத்திரி ராத்திரியாகப் படித்தேன். படித்ததில் முக்கியமானதை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் 'அரசாங்கம் சோதிக்கிறது' என்ற அந்த வார்த்தையில்தான் நாங்கள் ஏமாந்தோம்.

அமெரிக்காவில் பழங்குடி இனங்கள் தங்கள் நிலத்தில் தாங்களே ஆளும் உரிமை உள்ளவர்கள். 1987-ல் கலிபோர்னியாவின் கபசான், மொரோங்கோ பழங்குடிகள் நடத்திய பிங்கோ வழக்கில், மாநிலம் தலையிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி பிங்கோ வகை ஆட்டங்கள் இரண்டாம் வகுப்பு, ஸ்லாட் மெஷின் மூன்றாம் வகுப்பு. மூன்றாம் வகுப்புக்குப் பழங்குடியும் மாநிலமும் ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும். கலிபோர்னியாவில் 2000-ல் மக்கள் வாக்களித்து இதற்கு வழி திறந்தார்கள். நூற்றாண்டுக் கணக்கில் நிலத்தைப் பறிகொடுத்த மக்களுக்குக் கிடைத்த வருமானம் இது. அந்த உரிமையை நான் குறை சொல்லவில்லை, யாரும் இதை வைத்து அவர்களைத் திட்ட வேண்டாம். என் சண்டை எங்களை நாற்காலியிலிருந்து எழுப்பி அனுப்பியவர்களோடு மட்டும்தான்.

ஆனால் மெஷினை யார் சோதிக்கிறார்கள்? முதலில் தனியார் சோதனைக்கூடம் அந்த வகை மெஷினின் நிரலைச் சோதித்துச் சான்று தருகிறது. கசினோவில் இறக்கும்போது உள்ளே இருக்கும் நிரல் சான்று பெற்றதுதானா என்று அந்த நிரலுக்கே உரிய அடையாள எண்ணை ஒப்பிட்டுப் பார்த்து மூடி முத்திரை வைப்பது பழங்குடியின் சொந்த ஒழுங்குமுறை அமைப்பு. மாமா பார்த்த ஸ்டிக்கர் அவர்களுடையது. மாநிலத்துக்கு உள்ளே வந்து பார்க்கும் உரிமை ஒப்பந்தத்தில் எழுதியபடிதான். சில ஒப்பந்தங்களில் ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் திடீர்ச் சோதனை கூடாது என்றே இருக்கிறது. மத்திய அரசின் தேசிய இந்தியச் சூதாட்ட ஆணையம் இருக்கிறதே என்று நினைத்தேன். கொலராடோ ஆற்றுப் பழங்குடிகள் தொடுத்த வழக்கில் 2006-ல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், மூன்றாம் வகுப்பு ஆட்டங்களுக்கு உள்கட்டுப்பாட்டு விதிகளை, அதாவது கசினோ தன் மெஷினையும் பணத்தையும் எப்படிக் கையாள வேண்டும் என்ற விதிகளை, விதிக்க அந்த ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டது.

நெவாடாவில் சாதாரண கசினோ என்றால் கதை வேறு. அங்கே 500 டாலர் அல்லது அதற்கு மேல் தகராறு என்றால் கசினோவே உடனே மாநிலக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும், வாரியத்தின் ஆள் வந்து விசாரிப்பார். லாஸ் வேகாஸில் கேள்விப்பட்டதை நம்பி எல்லா இடத்திலும் அப்படித்தான் என்று நினைத்தேன். தப்பு.

கோர்ட்டுக்குப் போகலாம் என்று என் நண்பன் சொன்னான். நியூ மெக்சிகோவில் 2006-ல் ஒருவருக்குத் திரையில் கிட்டத்தட்ட 16 லட்சம் டாலர் விழுந்தது. கோளாறு என்றார்கள். பழங்குடிக்கு இறையாண்மைப் பாதுகாப்பு உண்டு, வழக்குத் தொடுக்க முடியாது என்று 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடித்துவிட்டது. அலபாமாவில் 2010-ல் இன்னொருவருக்கு 13 லட்சம் டாலருக்கு மேல். அங்கும் 2017-ல் மாநில உச்ச நீதிமன்றத்தில் அதே முடிவு. 16 லட்சத்துக்கே அந்தக் கதி என்றால் எங்கள் 2,340 டாலரை எந்த வக்கீல் எடுப்பார்?

மெஷினில் உண்மையிலேயே கோளாறு வந்திருக்கலாம். வந்திருந்தால் பதிவைக் காட்டிச் சொல்லட்டும், ஒப்புக்கொண்டு போகிறோம். சோதனைக்கூடங்களின் தரவிதிப்படி மெஷின் கடைசிப் பத்து ஆட்டங்களையாவது நினைவில் வைத்திருக்க வேண்டும். அதைத் திறந்து காட்ட இரண்டு நிமிடம் போதும். கேட்க நாங்கள் அங்கே இல்லை. கூப்பனோடு பஃபேயில் இருந்தோம். மெஷின் கதவை யார் எப்போது எதற்குத் திறந்தார்கள் என்று எழுதி வைக்கிற புத்தகமும் உண்டு. மாமா வண்டியில் கேட்ட லாக் புக் அதுதான்.

விரிவாக யோசனைகள் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான் கை ஓடுகிறது:

மெஷின் பூட்டிக்கொண்டால் நாற்காலியை விட்டு எழாதீர்கள், சாப்பாடு இலவசம் என்றாலும். கதவைத் திறக்கும் முன்பே கடைசி ஆட்டப் பதிவைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். பழங்குடி ஒழுங்குமுறை அமைப்பின் ஆளை அங்கேயே, அப்போதே கூப்பிடச் சொல்லுங்கள், கசினோ மேனேஜர் வேறு, அவர் வேறு. மெஷின் எண்ணையும் நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். புகாரில் 'கேமராப் பதிவைப் பாதுகாக்கவும்' என்று தனி வரியாக எழுதுங்கள். ஊரிலிருந்து வந்தவர்கள் ஆடுகிறார்கள் என்றால் அசல் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். போவதற்கு முன் அந்தக் கசினோவின் ஒப்பந்தத்தைப் பாருங்கள், கலிபோர்னியாவில் எல்லாம் மாநில இணையதளத்தில் இருக்கிறது, விளையாடுபவர் புகார் என்ற பகுதியை மட்டும் படித்தால் போதும்.

மாமா அடுத்த வியாழக்கிழமை கிளம்புகிறார். காசோலையை வங்கியில் போட வேண்டாம், எனக்குக் கொடு என்று வாங்கித் தன் பெட்டியில் வைத்துக்கொண்டார். மறுபரிசீலனை கேட்டு அந்த ஜன்னலுக்கே இன்று காலை பதிவுத் தபாலில் இன்னொரு கடிதம் அனுப்பியிருக்கிறேன், இந்த முறை லாக் புக்கின் நகல் வேண்டும் என்று மாமா சொல்லச் சொல்ல எழுதியது. உங்களில் யாருக்காவது இப்படி நடந்து லாக் புக் நகல் கையில் கிடைத்திருந்தால், எப்படிக் கேட்டீர்கள் என்று கீழே எழுதுங்கள். வியாழக்கிழமைக்குள் எழுதினால் மாமாவிடம் காட்டுவேன்.