பழைய கெராங் இதழ்கள்: கிதாரைப் பிடித்திருக்கும் அந்தக் கை

"ஊடகப் பாடத்துக்கு ஒப்படை எழுதணும். இளைஞர்களையும் ஆண் பெண்ணையும் ஒரு இசை இதழ் எப்படிக் காட்டுதுன்னு. பழைய கெராங் ஒரு கட்டு வருது, வாங்கலாமா?" நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி. ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட முடியவில்லை, அதனால்தான் இந்தப் பதிவு. இதழைப் பற்றிய அறிமுகம் யாருக்கும் தேவைப்படாது: 1981-ல் சவுண்ட்ஸ் இதழின் இணைப்பாகப் பிறந்து, 1987-ல் வார இதழாகி, 2020-ல் வார அச்சு நின்றுபோன பிரிட்டன் ராக் இதழ். பல வருடங்கள் புரட்டி, எண்ணி, குறித்த பிறகு எது தேறுகிறது, எது எரிச்சலூட்டுகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

எரிச்சலிலிருந்தே தொடங்குகிறேன். கெராங் மட்டுமல்ல, ராக் இதழ்கள் எதைப் பிரித்தாலும் கண்ணை உறுத்துவது ஒன்றுதான்: ஸ்டுடியோவில் எடுத்த படங்களில் பெண் கலைஞரின் கை. அவர் கிதார் வாசிப்பவர்தான், கிதாரும் படத்தில் இருக்கிறது. ஆனால் இடது கையைப் பாருங்கள். விரல் நுனி தந்தியை ஃபிரெட்டை (கிதாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) ஒட்டி அழுத்தியிருந்தால், கட்டைவிரல் அந்தக் கழுத்தின் பின்னால் ஊன்றியிருந்தால், அது வாசிக்கிற கை. விரல்கள் நீண்டு, தந்திகளின் மேல் சும்மா படிந்திருந்தால், அது யாரோ "இப்படி வையுங்க" என்று சொல்லி வைத்த கை. கிதாரை மாட்டும் ஸ்ட்ராப் தோளில் ஏறாமல் கிதார் தொடையில் சாய்ந்திருந்தாலும் அதே கதைதான். பக்கத்தில் நிற்கும் ஆண் தன் கிதாரின் கழுத்தை இறுகப் பற்றியிருப்பார். அவரும் அந்த நொடியில் வாசிக்கவில்லை. ஆனாலும் கருவி அவருடையது என்று படம் சொல்லிவிடுகிறது. பெண்ணின் கையில் இருப்பது யாரோ கொடுத்த பொருள் போலத் தெரிகிறது. எல்லாப் படமும் இப்படி இல்லை. ஆனால் ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு பார்க்காமல் இருக்க முடியாது.

சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1970-களிலேயே விளம்பரப் படங்களை வைத்து இதைச் சொல்லிவிட்டார். ஆணின் கை பொருளைப் பிடிக்கும், பயன்படுத்தும். பெண்ணின் கை அதை வருடும், தொட்டும் தொடாமலும் இருக்கும். அவர் பிரித்துவைத்த ஆறு வகைகளில் இசை இதழுக்கு நிஜமாக உதவுபவை மூன்றுதான்: யார் பெரிதாகத் தெரிகிறார், தொடுகை எப்படி, பார்வை எங்கோ விலகி நிற்கிறதா. குடும்பப் படங்களுக்கான வகையை இங்கே கொண்டுவந்து திணித்தால் படங்களை எண்ணிக் குறிக்கும் தாள் முழுக்க வெற்றுக் கட்டங்கள்தான் மிஞ்சும்.

அவசரப்பட்டு எண்ணினால் இதழுக்கு அநியாயம் செய்துவிடுவோம். பலரும் சறுக்கும் இடம் இது: அட்டையில் பாராமோர் குழுவின் ஹெய்லி வில்லியம்ஸ் வெறுங்கையோடு நிற்கிறார் என்றதும் "பெண்ணுக்குக் கருவி இல்லை" என்று ஒரு கோடு போட்டுவிடுகிறார்கள். அவர் பாடகர். அதே அட்டையில் மை கெமிக்கல் ரொமான்ஸ் குழுவின் பாடகர் ஜெரார்டு வே வந்தாலும் வெறுங்கைதான். பாடகரைப் பாடகரோடு, பாஸ் கிதார் வாசிப்பவரை பாஸ் கிதார் வாசிப்பவரோடு ஒப்பிட்டால்தான் கணக்கு நிற்கும். டிரம்ஸ் செட்டைப் படம் எடுக்கும் இடத்துக்கு யாரும் தூக்கி வருவதில்லை. குச்சி கையில் இருந்தாலே "கருவி உண்டு" என்று போடுங்கள்.

மேடைப் படங்களை ஸ்டுடியோ படங்களோடு கலக்காதீர்கள், தனித் தாளில் எண்ணுங்கள். கச்சேரிகளில் புகைப்படக்காரருக்குப் பொதுவாக முதல் 3 பாட்டு, ஃபிளாஷ் கூடாது என்பதே வழக்கம். அந்த 3 பாட்டுக்குள் யாரும் யாருடைய கையையும் எடுத்து வைக்க முடியாது. வியர்வையில் ஒட்டிய முடி, கோணிய வாய், தந்தியில் பதிந்த விரல் எல்லாம் அப்படியே பதிவாகும். ஒரே பெண் கலைஞரின் மேடைப் படத்தையும் ஸ்டுடியோ படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேடையில் இருந்த பிடி ஸ்டுடியோவில் தளர்ந்திருந்தால், அந்த வித்தியாசம் கலைஞரிடமிருந்து வந்ததல்ல. ஒப்படையில் இந்த ஒரு ஜோடிப் படம் பத்துப் பக்கக் கோட்பாட்டுக்குச் சமம்.

அடுத்தது வாசகர் வாக்கெடுப்பு. 2007-ல் மிகக் கவர்ச்சியான பெண் என்ற பிரிவில் எவனெசன்ஸ் குழுவின் பாடகி ஏமி லீ முதலிடம், ஹெய்லி இரண்டாமிடம். 2008-ல் ஹெய்லியே முதலிடம். முதல் தடவை பட்டியலில் ஏறியபோது அவருக்கு வயது 18. வாக்களித்தது வாசகர்கள்தான், இதழ் அல்ல என்று வாதிடலாம். ஆனால் அந்தக் கேள்வியை அச்சிட்டது யார்? இளம் வயதும் பெண் என்பதும் ஒரே பெட்டிக்குள் அடைபடுவதைக் காட்ட இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஊடகங்கள் எல்லாம் அவரை மட்டும் முன்னால் இழுத்து நிறுத்தியதில், "பாராமோர் ஒரு இசைக்குழு" என்று சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொள்ளும் நிலைக்கு அந்தக் குழு வந்தது. கூட வாசித்த ஆண்களுக்கும் இதில் நஷ்டம்தான். அவர்கள் பின்னணியில் மங்கிப் போனார்கள்.

இனி எதிர்பாராத சந்தோஷம். ஆண்களைக் காட்டிய விதத்தில் இந்த இதழ் எப்போதுமே அலாதி. 1980-களில் கிளாம் மெட்டல் என்ற ராக் வகையின் ஆண்கள் சீவிச் சிலுப்பிய முடியும் உதட்டுச் சாயமுமாக வந்தார்கள். 2000-களில் கண் மை தீட்டிய ஈமோ (மனவலியை வெளிப்படையாகப் பாடும் ராக் வகை) ஆண்கள் வந்தார்கள். அழுததை, பயந்ததை, மனச்சோர்வில் கிடந்ததைப் பேட்டியில் சொன்னார்கள், அது கேலிக்கு உள்ளாகாமல் அச்சில் வந்தது. படுக்கையறைச் சுவரில் ஒட்டிப் பார்த்துக்கொண்டிருக்கவென்றே அந்த ஆண்களின் போஸ்டர் வந்தது. இளைஞர் பண்பாட்டை ஆராய்ந்த ஏஞ்சலா மெக்ராபியும் ஜென்னி கார்பரும் 1970-களின் நடுவில் சொன்னது இங்கே நினைவுக்கு வருகிறது: தெருவில் நிற்கும் பையன்களையே ஆய்வாளர்கள் பார்த்தார்கள், அறைக்குள் போஸ்டரும் இசைத்தட்டுமாக இருந்த பெண்களைத் தவறவிட்டார்கள். இந்த இதழ் அந்த அறையைத் தவறவிடவில்லை. நடுப்பக்கத்தை அந்தச் சுவருக்குத்தான் கொடுத்தது.

2008-ல் டெய்லி மெயில் நாளிதழ் ஈமோவைத் தற்கொலையோடு முடிச்சுப் போட்டு எழுதியது. மே 31 அன்று மை கெமிக்கல் ரொமான்ஸ் ரசிகர்கள் லண்டனில் அந்த அலுவலக வாசலில் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நாளிதழில் இதே பிள்ளைகள் ஆபத்து. கெராங்கில் அவர்கள் கடிதம் எழுதுகிறவர்கள், கச்சேரிக்குப் போகிறவர்கள், கருத்துச் சொல்கிறவர்கள். இளைஞர்களைப் பற்றி எழுத இந்த ஒப்பீடு ஒன்றே போதும். அந்த மாத நாளிதழ்ப் பக்கங்களையும் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது இந்த நடுப்பக்கத்தைத்தான். பழைய கட்டில் வரும் இதழ்களில் போஸ்டரை உருவியிருப்பார்கள், அதுவும் யாருக்கு மவுசு அதிகமோ அவர் போஸ்டரை. மிஞ்சியதை எண்ணினால் யாரும் விரும்பாதவர்களின் கணக்குதான் வரும். ஸ்டேப்பிள் அடித்த இதழில் பக்கங்கள் 4-ன் மடங்காக இருக்கும். அப்படி இல்லையென்றால் தாள் கிழிந்திருக்கிறது. ஆனால் நடுத்தாள் முழுசாகப் போனால் நான்கு பக்கமும் சேர்ந்தே போகும், மடங்கு தப்பாது. அதனால் நடுவில் பக்க எண் தாவுகிறதா என்று பார்ப்பதுதான் நம்பகமான வழி. தொடர்ச்சியாக 12 இதழ்கள் எடுங்கள், பிடித்த அட்டையாகப் பொறுக்காதீர்கள். விருது, திருவிழா சிறப்பிதழ்களைத் தனியாக வையுங்கள், அவற்றில் ஆட்கள் எண்ணிக்கையே வேறு. விளம்பரப் படங்களையும் இதழின் படங்களோடு சேர்க்கக் கூடாது, அவற்றை எடுத்தது இதழ் அல்ல.

இவ்வளவு பாராட்டிய பிறகும், வாங்கலாமா என்று இன்றைக்குக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கண் மை தீட்டிய ஆண்களுக்கு அவ்வளவு இடம் கொடுத்தவர்களுக்கு ஒரு பெண்ணின் விரலைச் சரியான ஃபிரெட்டில் வைக்கச் சொல்லத் தோன்றவில்லையே என்ற கோபம் ஆறவில்லை. முன்பணம் கொடுத்தாயிற்று என்றால், கட்டைப் பிரித்ததும் நடுப்பக்கம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.