நடையா, எடையா? சர்க்கரைக்காரர் ரத்தத்தில் எது என்ன செய்யும்

உடல் கொழுப்பையும் ஒரு சுரப்பி என்றே சொல்லலாம். ‘சாப்பிட்டது போதும்’ என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின், அடிப்போனெக்டின் என்ற ஹார்மோன்கள் அங்கிருந்துதான் ரத்தத்துக்கு வருகின்றன. உடல் பருத்தால் லெப்டின் ஏறும், ஆனால் மூளை அதன் பேச்சைக் கேட்காது. இன்சுலினுக்குத் துணை நிற்கும் அடிப்போனெக்டினோ குறைந்துபோகும். சென்னையில் நடந்த 'க்யூர்ஸ்' ஆய்விலும் மெட்டபாலிக் சிண்ட்ரோம் (தொப்பை, ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தக் கொழுப்புக் கோளாறு சேர்ந்து வரும் நிலை) உள்ளவர்களுக்கு அது குறைவாகவே இருந்தது.

சரி, இதைத் திருப்புவது நடையா, எடைப் பயிற்சியா?

நடையில் லெப்டின் இறங்கும். பெரும்பாலும் கொழுப்பு கரைவதால்தான். அடிப்போனெக்டின் அவ்வளவு சுலபமாக அசையாது, சில வாரத்தில் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். சாப்பிட்ட பிறகு நடந்தால் சர்க்கரை இறங்குவது மட்டும் அன்றைக்கே குளுக்கோமீட்டரில் தெரியும். வேலை செய்யும் தசை இன்சுலினுக்குக் காத்திராமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும்.

எடைப் பயிற்சி அந்தத் தசையையே வளர்க்கிறது. லெப்டின், அடிப்போனெக்டின் விஷயத்தில் மட்டும் அதன் முடிவுகள் ஆய்வுக்கு ஆய்வு மாறுகின்றன. அதை மட்டும் நம்பி நடையை விட்டுவிட நான் சொல்லமாட்டேன்.

இரண்டையும் சேர்த்தால்? கனடாவில் 251 சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த 2007 ஆய்வில் சேர்த்துச் செய்தவர்களுக்கே எச்பிஏ1சி (சுமார் மூன்று மாத சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அதிகம் குறைந்தது. ஆனால் அவர்கள் உடற்பயிற்சிக்குச் செலவிட்ட நேரமும் அதிகம், அப்புறம் ஜெயிக்காமல் என்ன செய்யும்? இந்தச் சந்தேகத்தை 2010இல் வெளிவந்த அமெரிக்காவின் லூசியானா ஆய்வு தீர்த்தது. 262 பேர், ஒன்பது மாதம், எல்லாக் குழுவுக்கும் ஏறத்தாழ ஒரே நேரம். சேர்த்துச் செய்தவர்களுக்குப் பயிற்சி இல்லாத குழுவைவிட எச்பிஏ1சி 0.34 சதவீதப் புள்ளி குறைந்தது. நடை மட்டும், எடை மட்டும் என்றிருந்த குழுக்களில் கணக்கில் வரும் அளவு வித்தியாசம் இல்லை.

அதே ஆண்டு வந்த இத்தாலிய ஆய்வு ஹார்மோன்களையே அளந்தது. சர்க்கரையும் மெட்டபாலிக் சிண்ட்ரோமும் உள்ள 82 பேர், ஒரு வருடம். ஏரோபிக் (நடை போல மூச்சு வாங்கும் பயிற்சி) குழு, சேர்த்துச் செய்த குழு இரண்டிலும் லெப்டின் இறங்கி, அடிப்போனெக்டின் ஏறியது. உடல் எடை குறைந்ததை வைத்து மட்டும் இதை விளக்க முடியவில்லை. டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற அழற்சிப் பொருள்கள் குறைந்ததோ சேர்த்துச் செய்த குழுவில்தான்.

ஆக, வாரத்தில் ஐந்து நாள் நடப்பவர் ஆறாவது நாளும் நடப்பதைவிட, இரண்டு நாளை எடைக்கு ஒதுக்குவதே என் தேர்வு. ஜிம் வேண்டியதில்லை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தண்டால், தண்ணீர் நிரப்பிய பாட்டில் போதும். இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்களுக்குத் தாழ்சர்க்கரை வரலாம், டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். விழித்திரையில் ரத்தக்கசிவு உள்ளவர்கள் பளு தூக்கவே கூடாது.

லெப்டின், அடிப்போனெக்டின் டெஸ்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். எச்பிஏ1சியும் இடுப்பளவும் போதும். உடற்பயிற்சியால் தசை சுரக்கும் ஹார்மோன் என்று 2012இல் பரபரப்பாகப் பேசப்பட்ட ஐரிசினை அளக்கும் கிட்களே நம்பத்தக்கவையா என்று 2015இல் பெரிய சண்டை நடந்தது. டாக்டர் சிஆர்பி (உடலில் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எழுதிக்கொடுத்தால், புதிதாகப் பளு தூக்கி உடம்பு வலிக்கும் மறுநாள் போய்க் கொடுக்க வேண்டாம். அந்த உழைப்பே அதை ஏற்றிக் காட்டும். வலி அடங்கிய பிறகு கொடுங்கள்.