கண்ணாடியா, பெட்டா, அலுமினியமா: வேலூர் காயலான் கடையில் எது எடுபடும்?

வீட்டிலேயே சோப்பு, கூந்தல் தைலம், நலங்கு மாவு செய்து விற்கிறவர்கள் காட்பாடி, சத்துவாச்சாரி, ராணிப்பேட்டை என்று எல்லாப் பக்கமும் இருக்கிறார்கள். எதில் அடைத்து விற்றால் மண்ணுக்குக் கெடுதல் குறைவு என்று கேட்டால், யோசிக்காமல் கண்ணாடி என்று சொல்லிவிடுவார்கள். நான் பார்க்கிற அளவுகோல் வேறு. காலியான டப்பாவை நம்ம ஊர் காயலான் கடைக்காரர் காசு கொடுத்து எடுப்பாரா, மாட்டாரா? அடியில் முக்கோணக் குறி போட்டிருப்பதால் மட்டும் எதுவும் மறுசுழற்சி ஆகிவிடாது, யாரோ ஒருவர் அதைக் குப்பையிலிருந்து பிரித்து, எடை போட்டு, வண்டி ஏற்றினால்தான் உண்டு.

கண்ணாடியை எத்தனை முறை உருக்கினாலும் தரம் குறையாது, உண்மைதான். ஆனால் அதை உருக்க 1,500 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். 100 மில்லி பாட்டிலே சுமார் 100 கிராம் கனக்கும், அதே அளவு பெட் பாட்டில் (கடையில் தண்ணீர் அடைத்து விற்கிற பிளாஸ்டிக்) 15 கிராம் இருந்தால் பெரிது. கூரியரில் அனுப்பும்போது உடையாமல் இருக்கச் சுற்றுகிற குமிழ் உறை தனிக் கணக்கு. பீர் பாட்டிலுக்கு ஊரில் கிராக்கி இருக்கிறது, சீரம் வந்த சின்னக் கண்ணாடிக் குப்பியைப் பெரும்பாலும் சீண்ட மாட்டார்கள். அதனால் வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகிற வைட்டமின் சி, ரெட்டினால் மாதிரியான சரக்குக்கு மட்டும் பழுப்புக் கண்ணாடி என்பது என் முடிவு. அதையும் நீங்களே திரும்ப வாங்கிக் கழுவி, கொதிநீரில் போட்டு, நன்றாக உலர்த்தி மறுபடி நிரப்புவதாக இருந்தால்தான் அர்த்தம்.

அலுமினிய டப்பாவுக்குக் கடையில் எப்போதும் விலை உண்டு. தாதுவிலிருந்து புதிதாக எடுக்க ஏகப்பட்ட மின்சாரம் ஆகும், பழையதை உருக்கினால் அதில் சுமார் 5 சதவீதம் போதும். உதட்டு பாம், பாத வெடிப்புக் களிம்புக்கு இதைவிட நல்லது இல்லை. ஒரே சிக்கல் நம்ம வெயில். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில், 35 டிகிரி சுற்றிலேயே இளகிவிடுகிற ஷியா வெண்ணெயை அழுத்தி மூடுகிற டப்பாவில் போட்டால் கூரியர் பையெல்லாம் எண்ணெய்தான். திருகு மூடி வாங்குங்கள், தேன்மெழுகைக் கொஞ்சம் கூட்டுங்கள், அது 62 டிகிரிக்கு மேல்தான் உருகும்.

பெட் பாட்டிலை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பிளாஸ்டிக் என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: நிறமில்லாத பெட், வெள்ளை எச்.டி.பி.இ. (ஷாம்பு பாட்டில் செய்கிற, ஒளி ஊடுருவாத கெட்டி பிளாஸ்டிக்) இரண்டுக்கும் இங்கே ஓடுகிற சந்தை இருக்கிறது. கெடுப்பது நாம் சேர்க்கிற அலங்காரம்தான். கறுப்பு பாட்டில் பார்க்க அழகு, ஆனால் அதிலுள்ள கார்பன் நிறமி பிரிக்கும் இயந்திரத்தின் அகச்சிவப்புக் கதிரை விழுங்கிவிடுவதால் அது எந்த பிளாஸ்டிக் என்றே இயந்திரத்துக்குத் தெரியாது. பம்ப் மூடிக்குள் எஃகுச் சுருள், இரண்டு மூன்று வகை பிளாஸ்டிக் எல்லாம் கலந்து கிடக்கும், அதை யாரும் உட்கார்ந்து பிரிக்கப்போவதில்லை. சாதாரண மூடி போதும்.

ஒரு தடவைக்கு மட்டும் ஷாம்பு அடைத்து வரும் சின்ன உறையான சாஷேயைப் பற்றிப் பேசும்போது மட்டும் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். கடலூரில் தொழில்முனைவோர் சின்னி கிருஷ்ணன் தொடங்கிவைத்த யோசனை அது. தினக்கூலி வாங்குகிறவர்களும் தலைக்கு ஷாம்பு போட முடிந்தது அதனால்தான், அந்தப் பயனை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் பல அடுக்கு ஒட்டிய அந்தத் துண்டை எந்தக் காயலான் கடையும் எடுக்காது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் கேரி பேக்கை நிறுத்தினோம், சாஷே மட்டும் பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்குகிறது. மழை வந்தால் வேலூர் நிக்கல்சன் கால்வாயை அடைக்கிற குப்பையில் இதுவும் சேர்ந்துகொள்கிறது. மாற்று சொல்வதானால், சின்ன ஷாம்புக் கட்டியைக் காகிதத்தில் சுற்றி ஐந்து ரூபாய்க்குத் தர முடியுமா என்று யாராவது முயல வேண்டும். ஷாம்புவில் பெரும்பகுதி தண்ணீர்தானே, அதற்கு எதற்கு உறை?

மக்கும் பிளாஸ்டிக் என்று விற்கிற பி.எல்.ஏ. வேண்டவே வேண்டாம். அது மக்க 60 டிகிரி அளவில் சூடு நிலைத்து நிற்கிற தொழிற்கூட உரக்கிடங்கு வேண்டும், அக்னி நட்சத்திரம்கூட அதற்குப் போதாது. பார்க்க பெட் மாதிரியே இருப்பதால் அதோடு கலந்து நல்ல பெட்டையும் கெடுக்கும். மூங்கில் மூடியும் அப்படித்தான், உள்ளே பிளாஸ்டிக் திருகு ஒட்டியிருக்கும்.

சரி, பொடிக்கு? சீயக்காய், அரப்பு, நலங்கு மாவு எல்லாவற்றையும் நாட்டு மருந்துக் கடையில் காகிதத்தில் மடித்துத்தானே கொடுத்தார்கள். ஐப்பசி மழையில் ஈரம் ஏறும் என்பது நியாயமான பயம், அதற்குச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, வீட்டில் டப்பாவில் கொட்டிவைக்கச் சொல்லலாம். பிரவுன் காகித உறை வாங்கினால் ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள், உள்ளே பளபளவென்று படலம் இருந்தால் அதுவும் சாஷேயின் உறவுதான்.

தைலத்துக்கு எனக்குப் பிடித்த வழி, செக்கு எண்ணெய்க் கடைக்குப் பாத்திரம் கொண்டுபோகிற பழக்கத்தையே தொடர்வது. எச்.டி.பி.இ. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் முன்பணம் வாங்குங்கள், காலியைக் கொண்டுவந்தால் அடுத்த பாட்டிலில் கழித்துக்கொள்ளுங்கள். பாட்டில் எலும்பாய்க் காய்ந்திருக்க வேண்டும், ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் தைலம் சிக்கு வாடை அடிக்கும். தண்ணீர் கலந்த க்ரீம், லோஷனுக்கு இதை வீட்டில் செய்யாதீர்கள், கிருமி சேரும். அப்புறம், லேபிளை வெந்நீரில் ஊறவைத்தால் உரிகிற பசையில் ஒட்டுங்கள். நிரப்பிய ஒவ்வொரு முறையும் புது தேதியும் தொகுதி எண்ணும் போட்டாக வேண்டும்.