அரண்மனைக்காரத் தெருவில் ஒரு ஞாயிறு: வழிகாட்டி நடை பற்றிய மதிப்புரை

பழைய வண்ணாரப்பேட்டையில் குடியிருந்து முப்பது ஆண்டுகளாகப் பாரிமுனைக்குப் போய்வரும் என்னிடம், அங்குள்ள ஒரு தெருவைச் சுற்றிக் காட்டுவதற்குத் தலைக்கு 600 ரூபாய் கேட்கிறார்கள் என்று மகள் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவள் பணம் கட்டிவிட்டாள் என்பதால் போனேன். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 7.30 மணிக்கு 14 பேருடன் தொடங்கிய நடை 11 மணிக்கு முடிந்தது. அவ்வளவு நேரமும் ஒரே வட்டாரத்தை விட்டு அகலாமல் பேசுவதற்கு வழிகாட்டும் இளைஞரிடம் சரக்கு இருந்தது.

பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரமாக நிற்கும் 1773ஆம் ஆண்டு எல்லைத் தூணில் அவர் பேச்சைத் தொடங்கினார். எத்தனையோ முறை அதைக் கடந்து போயிருந்தும் நான் நின்று பார்த்ததில்லை. 1746இல் செயின்ட் ஜார்ஜ் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் 1749இல் அதைத் திருப்பித் தந்த பிறகு, மறுமுறை வரும் பகைவர் வீடுகளின் மறைவில் நின்று சுடக் கூடாது என்பதற்காக, இன்று உயர் நீதிமன்றம் இருக்கும் பக்கத்தில் நெருங்கிக் கிடந்த, இந்தியர்கள் குடியிருந்த பழைய கறுப்பர் நகரத்தை ஆங்கிலேயர் இடித்து வெட்டவெளி ஆக்கினர் என்பதையும், அந்த வெளியில் இனி யாரும் கட்டடம் எழுப்பக் கூடாது என்று நட்ட ஆறு தூண்களில் மிஞ்சியது இது ஒன்றே என்பதையும் அவர் தெளிவாக விளக்கினார். ஆனால் அந்த வெட்டவெளியில் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்பதைச் சொல்லவில்லை. முத்தியால்பேட்டையும் பெத்தநாயக்கன்பேட்டையும் அவர்களால்தான் நிறைந்தன. இடிபட்ட சென்னகேசவப் பெருமாள் கோயில் பூக்கடைப் பக்கம் மீண்டும் எழுந்தது. புரட்டாசியில் திருப்பதிப் பெருமாளுக்கான குடை ஊர்வலம் புறப்படுவது அந்தக் கோயிலிலிருந்துதான். வடசென்னைக்காரர் யாரும் தாமாகவே சொல்லியிருக்கக்கூடிய செய்தி இது.

தெருவுக்குள் நுழைந்த பிறகு அவர் பேச்சு களை கட்டியது. ஆர்மேனியன் என்ற சொல் நம் வாயில் புகுந்து அரண்மனைக்காரன் ஆனதையும், எந்த அரண்மனையும் இல்லாத தெருவுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டதையும் சொன்னபோது கூட்டமே சிரித்தது. 1712இல் எழுந்து 1772இல் புதுப்பித்துக் கட்டப்பட்ட ஆர்மேனியத் தேவாலயத்துக்குள் ஏறத்தாழ ஒரு மணி நேரம் இருந்தோம். காலடியில் எல்லாம் கல்லறைப் பலகைகள்; அவற்றுக்கு நடுவே, உலகின் முதல் ஆர்மேனிய மொழி இதழான அஸ்தராரை 1794இல் இந்த நகரத்தில் அச்சிட்ட ஷ்மாவோனியன் பாதிரியாரின் கல்லறையும் இருக்கிறது. சைதாப்பேட்டையில் ஆற்றுக்குப் பாலமும் பரங்கிமலைக்குப் படிகளும் தம் பணத்தில் கட்டிய வணிகர் உஸ்கானைப் பற்றியும் அங்கேயே விரிவாகப் பேசினார். 9.30 மணிக்குக் கோபுரத்தில் இருக்கும் ஆறு மணிகளும் ஒலித்தன. வழிபாட்டுக்குக் கூடிவர ஆர்மேனியர் இல்லாத தேவாலயத்தில் ஞாயிறு தவறாமல் மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டு நின்ற அந்தச் சில நிமிடங்களுக்கே பாதிக் கட்டணம் கழிந்துவிட்டது என்பேன்.

அன்னி பெசண்ட் தன்னாட்சிக்காகப் பேசிய கோகலே மண்டபத்துக்குக் கிடைத்தது ஐந்து நிமிடம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதே தெருவில் உள்ள அந்தோணியார் கோயிலை வாசலிலிருந்தே கைகாட்டிவிட்டு நகர்ந்ததைத்தான் ஏற்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் அங்கே சேரும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பொட்டு வைத்தவர்களும் முக்காடு இட்டவர்களும் மெழுகுவத்தியோடு வரிசையில் நிற்பார்கள், ராயபுரத்திலிருந்தும் காசிமேட்டிலிருந்தும் வேலைக்குப் போகும் வழியில் வந்து வேண்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. என் அம்மா மாமாவின் வேலைக்காக ஒன்பது செவ்வாய் போனவர். ஞாயிற்றுக்கிழமையிலோ கடைகளின் இரும்புக் கதவுகள் மூடியிருக்கின்றன, மூட்டை சுமப்பவர்களும் வழக்கறிஞர்களும் இல்லை, தெரு கட்டடங்களாக மட்டுமே நிற்கிறது. மேல்மாடிச் சாளரங்களையும் சுண்ணாம்பு வேலைப்பாடுகளையும் அண்ணாந்து பார்க்க அந்த அமைதி உதவுகிறது என்பதை மறுக்கவில்லை.

வசதிகளைப் பொறுத்தவரை, உட்கார ஓர் இடமோ கழிப்பறைக்கு ஏற்பாடோ இல்லை. தண்ணீர் அரைப் புட்டி தந்தார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் தேவாலயத்தில் கிடைக்கும் நிழலை நம்பித்தான் போக வேண்டும். வழிகாட்டியின் தமிழ் நன்றாக இருந்தது. ஒலிபெருக்கி இல்லாமலே பின்வரிசைக்குக் கேட்டது.

இந்த நடையைச் செவ்வாய்க்கிழமையும் நடத்தக் கூடாதா என்று முடிவில் கேட்டேன். மணி ஓசை கிடைக்காதே என்றார் அவர். கூட்டம் கிடைக்கும் தம்பி என்றேன். யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார், தொடங்கினால் இன்னொரு 600 ரூபாய் கொடுக்க நான் தயார்.