தப்புச் செய்தாலும் வீட்டுக்கு அனுப்பாத பள்ளி, பஸ் பிந்தினால் கேட்டைப் பூட்டுகிறது

ஹட்டன் பக்கத்தில் பாடசாலையை இடையில் விட்ட பிள்ளைகளுக்காக நடக்கிற ஒரு கல்வி நிலையத்தைப் பற்றி எழுதுகிறேன். குறையும் சொல்லப்போகிறேன், அதோடு அங்கே படிக்கிற பிள்ளைகளை யாரும் விரல் நீட்டக்கூடாது, அதனால் பெயர் போடவில்லை. என் தம்பி அங்கேதான் படிக்கிறான். அம்மா குவைத்தில், அப்பா தோட்டத்தில், நான் டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை. அவனுக்காகக் கையெழுத்து வைப்பது, கூட்டத்துக்குப் போவது, சேரிடம் பேசுவது எல்லாம் என் பொறுப்பு. சேர்க்கலாமா என்று கேட்டால், சேர்க்கலாம். ஆனால் அங்கே என்ன விதி, எது நம் தோட்டத்து நிலைமைக்குப் பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று தெரிந்துகொண்டு சேருங்கள்.

அவன் முன்பு படித்த பாடசாலையில் தரம் 10இல் இருக்கும்போது பையில் பாபுல், அதாவது மெல்லுகிற பாக்கு-புகையிலைக் கலவை, பாக்கெட் ஒன்று பிடிபட்டது. இரண்டு வாரம் வீட்டில் இரு என்று அனுப்பினார்கள். வீட்டில் யார் இருக்கிறார்கள்? அப்பா காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்கிற இடத்துக்கு, போனால் பின்னேரம்தான் வருவார். பகல் நேரத்தில் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருப்பது வயதானவர்களும் கைக்குழந்தைகளும், கொழும்புக் கடைகளில் வேலையை விட்டுவிட்டு வந்து சும்மா திரியும் பையன்களும்தான். பாபுலைப் பழக்கிக் கொடுத்ததே அந்தப் பையன்கள். தண்டனை என்று சொல்லி அவர்கள் கையிலேயே திரும்ப ஒப்படைத்தார்கள். இரண்டு வாரம் முடிந்தது, அவன் போகவில்லை, ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவும் இல்லை. 16 வயது வரைக்கும் பிள்ளை கட்டாயம் படிக்க வேண்டும் என்று நாட்டில் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டம் எங்கள் லயத்துப் படி ஏறி வரவில்லை.

இந்த நிலையத்தில் எனக்குப் பிடித்த முதல் விஷயம், எந்தத் தப்புக்கும் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவதில்லை என்று விதித்தாளிலேயே எழுதியிருப்பது. சேர்க்கும்போது அதைத் தமிழில் வாசித்துக் காட்டி, பிள்ளையிடமும் நம்மிடமும் கையெழுத்து வாங்குகிறார்கள். பாக்கு, பாபுல், பீடி, சிகரட் பிடிபட்டால் முதல் தடவை அன்றைக்கே வீட்டாருக்குப் போன் வரும், பிள்ளை வகுப்பில்தான் இருக்கும். அடுத்த தடவை, மூன்று வாரம் பள்ளி விட்டதும் ஒரு மணித்தியாலம் ஆலோசனை டீச்சரிடம் இருந்துவிட்டுத்தான் பஸ் ஏறலாம். ஐஸ் என்கிற போதைப்பொருள், போதைக் குளிசை என்று வந்தால் தண்டனைப் பேச்சே கிடையாது, வீட்டு ஆள் ஒருவரை வரச்சொல்லி டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குக் கூட்டிப் போவார்கள். விற்றால் மட்டும் வேறு கதை. விற்கிற பிள்ளைக்கு அங்கே இடமில்லை, பொலிசுக்கும் தகவல் போகும், இதில் யார் பரிந்து பேசினாலும் எடுபடாது. அது சரி என்றுதான் நினைக்கிறேன். ஒரு பிள்ளைக்கு இரக்கம் காட்டப்போய் மற்ற நாற்பது பிள்ளைகளைக் கெடுத்துவிட முடியாது.

தம்பி சேர்ந்த கொஞ்ச நாளிலேயே திரும்பவும் மாட்டினான். என்னைக் கூப்பிட்டார்கள், கடையில் லீவு சொல்லிவிட்டு ஓடினேன். சின்ன அறை, ஒரு மேசை. டீச்சர் அவன் பையைத் தொடவே இல்லை. "நீயே எடுத்து வை தம்பி" என்றார். புத்தகம், குடை, நனைந்த காலுறை, கடைசியில் நான்காய் மடித்த சரைக்குள், சின்னப் பொட்டலத்துக்குள், அந்தப் பாபுல் தூள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறி, எவன் கொடுத்தான் என்று கேட்கத் தொடங்கினேன், டீச்சர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். யார் கொடுத்தது என்று மற்றவர்கள் முன்னால் பிள்ளையிடம் கேட்கக்கூடாது என்பதும் அவர்கள் விதியாம். பெயரைச் சொன்னால் அதே லயத்தில்தானே அவன் இரவு படுக்க வேண்டும், நாளைக்கு அவனுக்கு யார் பாதுகாப்பு என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பிறகு அவன் தனியாக இருக்கும்போது தானாகச் சொல்லியிருக்கிறான், அதை வைத்து என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

வெற்றிலை விஷயத்தில் அவர்கள் கடுமை. இங்கே ஒன்று சொல்ல வேண்டும், நம் வீடுகளில் பாட்டி, அம்மா, மலையில் நிற்கிற அக்காமார் எல்லாரும் வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள். குளிருக்கும் பசிக்கும் அதுதான் அவர்களுக்குத் துணை. பிள்ளை அதைப் பார்த்துத்தான் வளர்கிறது, அது எப்படிக் குற்றம் என்று அப்பா கூட்டத்தில் எழும்பியே கேட்டார். பாட்டியைக் குறை சொல்லாமல்தான் டீச்சர் பதில் சொன்னார். பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இலேயே சொல்லிவிட்டது, புகையிலை சேராத வெறும் பாக்குக்கும் அது பொருந்தும். இலங்கையில் ஆண்களுக்கு அதிகமாக வருவதும் வாய்ப் புற்றுநோய்தான். சுவையும் நிறமும் சேர்த்த மெல்லும் புகையிலைக்கு 2016இல் தடை வந்தும் சரையில் கட்டி விற்கத்தான் செய்கிறார்கள். அன்றைக்கு ஒரு பல் டொக்டரையும் வரவழைத்திருந்தார்கள். பிள்ளைகள் வாயைத் திறந்து காட்டியபோது, கன்னத்தின் உள்பக்கம் வெள்ளை பூத்திருந்த ஒரு பையனை மட்டும் தனியாக நிறுத்தி, பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார். அப்பா அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை.

விதித்தாளில் பெற்றோருக்கும் ஒரு பக்கம் இருக்கிறது, இப்படி ஒன்றை வேறு எங்கேயும் நான் பார்த்ததில்லை. பிள்ளையைக் கடைக்கு அனுப்பி பீடியோ சாராயமோ வாங்கிவரச் சொல்லக்கூடாது. 2006ஆம் ஆண்டு 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு சிகரட்டும் மதுவும் விற்பதே குற்றம். நம் தோட்டத்துக் கடைகளில் எட்டு வயதுப் பிள்ளை "தாத்தாவுக்கு" என்று சொன்னால் போதும், கட்டோடு கொடுத்துவிடுவார்கள். இந்தக் கையெழுத்துக்குப் பிறகு எங்கள் லயத்தில் அப்பா தானே நடந்து போய் வாங்குகிறார். அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

அடி கிடையாது. அரசாங்கப் பாடசாலைகளிலும் கல்வி அமைச்சின் 2005/17 சுற்றறிக்கைப்படி அடிக்கக்கூடாதுதான், அடிக்கிறார்களா இல்லையா என்பது பிள்ளைகளைப் பெற்ற எல்லாருக்கும் தெரியும். இங்கே நிஜமாகவே பிரம்பு இல்லை. அடிக்காவிட்டால் பையன்கள் அடங்குவார்களா என்று நீங்கள் கேட்பீர்கள். தம்பி கோபத்தில் ஒரு ஜன்னல் கண்ணாடியை உடைத்தான். அடுத்த நாள் மரவேலை மாஸ்டர் அவனைக் கூட வைத்துக்கொண்டு பழைய புட்டியை உளியால் சுரண்ட வைத்து, அளவெடுக்க வைத்து, புதுக் கண்ணாடியைப் பொருத்த வைத்தார். கண்ணாடிக் காசில் பாதி நாங்கள் கொடுத்தோம். அன்று இரவு சாப்பிட உட்காரும்போதும் அவன் கையில் எண்ணெய் வாசனை போகவில்லை, ஆனால் ஓரத்தில் புட்டியை எப்படி ஒரே இழுவையில் இழுப்பது என்று தட்டு விளிம்பில் விரல் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் ஜன்னலுக்குப் பக்கத்தில் யாராவது பந்து எறிந்தால் முதலில் கத்துவது அவன்தானாம்.

சரி, இனி பள்ளிக்கு வருகிற நாள் கணக்கு, அதாவது வரவு. 80 வீதம் கட்டாயம். உயர்தரத்துக்கு அரசாங்கம் கேட்கிற அதே அளவு. வராத நாளுக்குக் காரணத்தை அடுத்த நாள் பிள்ளையே தன் கையெழுத்தில் பெரிய கொப்பியில் எழுத வேண்டும், "சுகமில்லை" என்று மட்டும் எழுதினால் விடமாட்டார்கள். நான் புரட்டிப் பார்த்தேன், பிள்ளைகள் எழுதியிருப்பது இப்படி: தங்கச்சியைப் பார்த்துக்கொண்டேன், பிள்ளைக் காம்பரா (கைக்குழந்தைகளை விடுகிற இடம்) பூட்டு. சப்பாத்து காயவில்லை. அப்பா குடித்துவிட்டு கொப்பியைக் கிழித்தார். அந்த வரிக்குக் கீழே டீச்சர் சிவப்பில் "புதுக் கொப்பி கொடுத்தாயிற்று" என்று எழுதி திகதி போட்டிருக்கிறார். கொப்பி இருக்கிற மேசைக்கு மேலே சுவரில் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கம் பெரிதாக ஒட்டியிருக்கிறது. வரவுப் பதிவு என்றால் புள்ளடி போடுவது என்றுதான் நமக்குப் பழக்கம், இந்தக் கொப்பியை வாசித்தால் தோட்டத்தில் பிள்ளைகள் ஏன் பாடசாலையை விடுகிறார்கள் என்று வேறு யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

சிவனொளிபாதமலைப் பருவகாலத்துக்கும் வழி வைத்திருக்கிறார்கள். டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரைக்கும் மஸ்கெலியாப் பக்கத்துப் பையன்கள் சனி ஞாயிறில் மலையடிவாரத்து நல்லதண்ணியில் கடைகளில் நிற்பார்கள், இரவு முழுக்க யாத்திரிகர் வரத்து, திங்கள் காலையில் எழும்ப முடியாது. அந்தக் காசு வீட்டுக்குத் தேவை என்று தெரிந்து, அந்த மாதங்களில் திங்கட்கிழமை கணிதமும் விஞ்ஞானமும் வைப்பதில்லை. ஆனால் 80 மட்டும் 80தான்.

இங்கேதான் எனக்கு மனத்தாங்கல். மாதத்தில் ஏறக்குறைய இருபது பள்ளி நாள் என்றால் நான்கு நாள்தான் வராமல் நிற்கலாம். பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கு நாட்களில் ஒன்றிரண்டு போய்விடும், கழிவறையில் தண்ணீர் ஒழுங்காக வராத இடத்தில் அவர்கள் வராமல் நிற்பதைக் குற்றமாக எழுத முடியுமா? மிச்சத்தை மழை எடுத்துக்கொள்ளும். மே தொடங்கி செப்டெம்பர் வரைக்கும் தென்மேல் பருவமழையில் வட்டவளை, ஹட்டன் பக்கம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தொழில் வகுப்பில் நன்றாகத் தைக்கிற ஒரு பிள்ளை 80க்குக் கொஞ்சம் குறைந்தது என்று பரீட்சைப் பட்டியலில் பெயர் வராமல் அழுததைப் பார்த்தேன். முதலில் தண்ணீர்த் தொட்டியைச் சரிசெய்யுங்கள், அப்புறம் வரவை எண்ணுங்கள் என்று கூட்டத்தில் சொன்னேன், இன்றைக்கும் அதையே சொல்கிறேன்.

அதைவிடப் பெரிய குறை கேட். வகுப்பு எட்டரைக்கு, எட்டே முக்காலுக்குப் பூட்டிவிடுவார்கள். பொகவந்தலாவையிலிருந்து வருகிற காலை பஸ் நோர்வூட்டுக்கு வரும்போதே மிதிபலகையில் தொங்குகிறார்கள், சில நாள் நிறுத்தாமலே போகும். அடுத்த பஸ்ஸில் வருகிற பிள்ளைக்குக் கேட் பூட்டு. பூட்டிய கேட்டுக்கு வெளியில் நிற்கிற பதினாறு வயதுப் பையன் வீட்டுக்கா போவான்? சந்திக்குத்தான் போவான். சரை விற்கிறவன் நிற்பதும் அந்தச் சந்தியில்தான். எந்தத் தப்புக்கும் வீட்டுக்கு அனுப்பமாட்டோம் என்று எழுதி வைத்துவிட்டு, பஸ் பிந்தியதற்காக ஒரு நாள் முழுக்க வெளியில் விடுவது அவர்களுடைய நல்ல விதியையே வெட்டிப்போடுகிறது. நாங்கள் கொஞ்சப் பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்த பிறகு, பஸ் டிக்கட்டைக் காட்டினால் ஒன்பதே கால் வரைக்கும் உள்ளே விடுகிறார்கள். அதுவும் பொகவந்தலாவைப் பாதைப் பிள்ளைகளுக்கு மட்டும். மஸ்கெலியாப் பாதைக்கு இன்னும் இல்லை. அங்கிருந்து சேர்க்க நினைக்கிறவர்கள் இதைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள், நாலு பேர் கேட்டால்தான் மாற்றுவார்கள்.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாக. சாதாரண தரத்துக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுத வைக்கிறார்கள், தமிழும் கணிதமும் நன்று, ஆங்கிலத்துக்கு ஆசிரியர் நிலைப்பதில்லை. மரவேலை, மின்னிணைப்பு, தையல் என்று மூன்று தொழில் வகுப்புகள், என்விகியூ என்கிற தேசிய தொழில் தகைமையில் 3ஆம் மட்டத்துக்குத் தயார் செய்கிறார்கள், 4ஆம் மட்டம் வேண்டுமென்றால் வேறு இடத்துக்குத்தான் போக வேண்டும். மாதம் 1500 ரூபாய், முடியாதவர்களுக்குக் குறைப்பார்கள். பகல் சோறும் பருப்பும் சம்பலும், குறை இல்லை.

அடையாள அட்டை இல்லாத பிள்ளையென்றால் இப்போதே தொடங்குங்கள். பாடசாலையில் இருக்கிற பிள்ளைக்கு அதிபர் அனுப்புவார், விட்ட பிள்ளைக்குக் கிராம சேவகரிடமோ தோட்டத்தில் துரையிடமோ (முகாமையாளரிடமோ) உறுதிப்படுத்தி வாங்க வேண்டும், அந்த அலைச்சலில்தான் பல பேர் பரீட்சையைத் தவறவிடுகிறார்கள். அலுவலகத்தில் இருக்கிற அக்கா படிவம் நிரப்பித் தருவார், பிறப்புச் சான்றிதழில் பெயர் எழுத்துப் பிழை இருந்தால் அதையும் பார்த்துச் சொல்வார். சேர்க்கை ஜனவரியில். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள், பிள்ளை வராமல் பெற்றோர் மட்டும் போனால் படிவம் தரமாட்டார்கள்.