பத்மினியா, அம்பாசிடரா? முதலில் ஆர்.சி.யைக் காட்டச் சொல்லுங்கள்

பழைய கார் வாங்கப் போகிறேன் என்று சேலத்தில் யாரிடம் சொன்னாலும் பேச்சு இரண்டு வண்டிகளில்தான் வந்து நிற்கும். ஒன்று அம்பாசிடர், இன்னொன்று பிரீமியர் பத்மினி. நான் வாங்கியது பத்மினி. ஊரில் பாதிப் பேருக்கு அது இன்னும் ‘ஃபியட்’தான். ஆகவே இந்த அலசல் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும். நடுநிலைத் தராசை எதிர்பார்க்க வேண்டாம்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பின்சீட்டு, டிக்கி, குண்டும் குழியுமான ரோட்டில் சொகுசு எல்லாம் அம்பாசிடருக்கு. செவ்வாய்ப்பேட்டை மாதிரி நெரிசலில் நுழைவது, நிறுத்துவது, பெட்ரோல் செலவு எல்லாம் பத்மினிக்கு. உதிரி பாகத்தில் அம்பாசிடர் முந்திக்கொள்ளும். மேற்கு வங்கத்து உத்தர்பாரா ஆலையில் 2014 வரை அந்த வண்டி தயாரானது. பத்மினி அதற்கு வெகுகாலம் முன்பே நின்றுபோனது. அழகைப் பற்றிப் பேசினால் சண்டை வரும், விட்டுவிடலாம்.

மலைக்கு எது? சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர், ஏற்காடு 1,500. அடிவாரம் வழியாகப் போனால் நடுவில் 20 கொண்டை ஊசி வளைவு. ஏற்றத்தில் அம்பாசிடரின் 1,489 சிசி எஞ்சின் அலட்டிக்கொள்ளாமல் இழுக்கும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பத்மினிக்கு 1,089 சிசிதான். எதிரே பஸ் வந்து வளைவில் வேகம் செத்துவிட்டால் இரண்டாம் கியர் திணறும், முதல் கியருக்கு இறங்க வேண்டும். ஸ்டியரிங் பக்கத்தில் லிவர் இருக்கும் பழைய ஹேண்ட் கியர் வண்டியில் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ், அதாவது பற்களின் வேகத்தைத் தானே ஒத்துப்போக வைக்கும் அமைப்பு, கிடையாது. நியூட்ரலுக்குக் கொண்டுவந்து கிளட்சை விட்டு, ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்து, மறுபடி கிளட்ச் போட்டுத் தள்ள வேண்டும். ஒரு நொடி தப்பினால் பல் கடிக்கிற சத்தம் பின்னால் வருகிற வண்டிவரை கேட்கும். சரியாக விழுந்தால் சத்தமே இருக்காது, லிவர் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். பழைய வண்டியில் மலை ஏறுகிற சுகம் முக்கால்வாசி இதுதான். இறங்கும்போது இரண்டுக்கும் ஒரே விதி: டிரம் பிரேக், மிதித்துக்கொண்டே இருந்தால் சூடேறிப் பிடிப்பு குறையும், அதனால் ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

சரி, இதெல்லாம் ஓட்டிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். எனக்கு முடிவு செய்து கொடுத்தது எஞ்சினும் இல்லை, மலையும் இல்லை. காகிதம்.

அம்பாசிடர் உழைத்த வண்டி. டாக்ஸியாக ஓடியது, அரசாங்க ஏலத்தில் போனது, கல்யாணத்துக்கு வாடகைக்குப் போனது. பெட்ரோல் விலை ஏற ஏற, பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். லாரித் தொழில் செழித்த சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் இந்த வேலைக்குக் கைதேர்ந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. வேலை சுத்தமாகத்தான் இருக்கும். ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. எஞ்சின் மாறினாலும் எரிபொருள் மாறினாலும் அது ஆர்.சி.யில் பதிவாக வேண்டும். மஞ்சள் போர்டு வெள்ளை ஆனதும் அப்படியே. நான் பார்க்கப் போன அம்பாசிடர்களில் பலவற்றில் ஆர்.சி. புத்தகத்தில் ஒரு எஞ்சின், பானெட்டுக்குக் கீழே இன்னொரு எஞ்சின்.

இது ஏன் பெரிய விஷயம்? சொந்த உபயோக வண்டிக்கு 15 வருஷம் முடிந்தபின் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அங்கே எஞ்சின் எண்ணோ சேசிஸ் (அடிச்சட்டம்) எண்ணோ ஆர்.சி.யோடு ஒத்துப்போகவில்லை என்றால் வண்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் ஷெட்டுக்குள் நிற்கிற இரும்புதான். விற்கவும் முடியாது. பத்மினிகள், குறைந்தபட்சம் நம் பக்கத்தில், பெரும்பாலும் வீட்டு வண்டிகள். டாக்டர், வக்கீல், மில் மேனேஜர் வாங்கி வைத்தவை. டீசல் மாற்றம் அதிலும் உண்டு, ஆனால் நான் பார்த்தவரை குறைவு.

வாங்கப் போகும்போது ஒரு கம்பி பிரஷ், கொஞ்சம் மண்ணெண்ணெய், பென்சில், செலோ டேப் எடுத்துப் போங்கள். வண்டியில் பொறித்திருக்கும் அந்த எண்ணின் மேல் இருக்கும் கிரீஸைத் தேய்த்துத் துடைத்து, டேப்பை ஒட்டி, அதன்மேல் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எண் அப்படியே பதியும். சேசிஸ் பிரிண்ட் எடுப்பது இப்படித்தான். அடித்துத் திருத்திய எழுத்து இருந்தால் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பென்சில் காட்டிக்கொடுக்கும். விற்பவர் முகம் சுளித்தால் அதுவே ஒரு பதில்.

50 வருஷம் தாண்டிய வண்டி என்றால் விண்டேஜ் பதிவு எடுக்கலாமே என்பார்கள். 2021இல் வந்த விதி அது. கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷத்துக்குச் செல்லும். ஆனால் கண்காட்சி, விண்டேஜ் ரேலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்றுதான் ரோட்டில் எடுக்கலாம், தினசரி ஓட்ட அனுமதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் காபி குடிக்கப் போக வேண்டும் என்றால் சாதாரண ஆர்.சி.யே நல்லது. தவிர சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு அந்தப் பதிவும் கிடைக்காது. சுற்றிச் சுற்றி அதே இடம்தான்.

ஸ்டாண்டர்ட் ஹெரால்டைச் சொல்லாமல் விட்டால் சென்னைக்காரர்கள் கோபிப்பார்கள், நம்ம மாநிலத்து வண்டி. நின்ற இடத்திலேயே திரும்பிவிடும் போலிருக்கும். பானெட் முழுசாக முன்பக்கம் கவிழ்ந்து திறப்பதால் எஞ்சின் வேலை செய்கிறவருக்குக் கொண்டாட்டம். மலையில் எப்படி என்று கேட்காதீர்கள். நண்பர் வண்டியை ஊருக்குள் ஓட்டியதோடு சரி.

ரேஸ் ஆசை இருந்தால்? மலைப்பாதையில் அதைக் காட்ட வேண்டாம், பஸ்ஸும் பைக்கும் குடும்பமும் போகிற வழி அது. கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. கரிவர்தன் பெயரில் இருப்பது. மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி ரேஸ் கார் கட்டியவர். டிராக்கில் எனக்கு அனுபவம் சில சுற்றுகள்தான், அதை வைத்துச் சொல்கிறேன்: வேகம்தான் வேண்டும் என்றால் பத்மினியும் வேண்டாம், அம்பாசிடரும் வேண்டாம், பழைய மாருதி 800 ஒன்றை வாங்குங்கள். எடை குறைவு, முன்னால் டிஸ்க் பிரேக், பாகமும் மலிவு.

பத்மினிக்குப் பொருந்துவது நேரக் கணக்கு ரேலி. சொன்ன சராசரி வேகத்தில், சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். முந்திப் போனாலும் அபராதம். குதிரைசக்தி தேவையில்லை, வேலை செய்கிற ஓடோமீட்டர் தேவை. ஸ்பீடோமீட்டர் கேபிளை மட்டும் முன்கூட்டியே மாற்றிவிடுங்கள், நேவிகேட்டராக வருவது உங்கள் மனைவி என்றால் கட்டாயம்.